தமிழ்க் குடும்பங்களுக்காக அக்கம்பக்கத்தில் சுகாதார இயக்கம் நடத்துவது எப்படி? சிங்கப்பூரில் முதன்முறை இறங்குவோருக்கு ஒரு வழிகாட்டி

உங்கள் வட்டாரத்து வசிப்போர் கட்டமைப்பிலோ, கோயில் நிர்வாகக் குழுவிலோ, ஊர்ச் சங்கத்திலோ "நம் குடும்பங்களின் உடல்நலத்துக்காக ஏதாவது செய்வோம்" என்று முடிவெடுத்து, பொறுப்பை உங்களிடம் கொடுத்திருக்கிறார்களா? இந்தக் கட்டுரை உங்களுக்குத்தான். எங்கள் தொண்டூழியர் குழு இதில் இறங்கியபோது, எந்தக் கடிதத்தை யாரிடம் கொடுப்பது, எந்தப் பரிசோதனையை யார் செய்யலாம், எந்தச் செலவை யார் ஏற்பார்கள் என்று ஒவ்வொன்றையும் ஒவ்வோர் இடமாகக் கேட்டுத்தான் தெரிந்துகொண்டோம். ஓர் அலுவலகம் இன்னொன்றைக் கைகாட்டும். அங்கே போனால் முதல் அலுவலகத்துக்கே திருப்பி அனுப்புவார்கள். அந்த அலைச்சல் உங்களுக்கு வேண்டாம்.

இந்த வேலை அவசியமா என்று யாராவது கேட்டால் இதைச் சொல்லுங்கள். 2017ஆம் ஆண்டு தேசிய தினப் பேரணி உரையில் அன்றைய பிரதமர் லீ சியன் லூங், 60 வயதைத் தாண்டிய இந்தியர்களில் பத்தில் ஆறு பேருக்கு நீரிழிவு இருப்பதாகக் குறிப்பிட்டார். நம் வீடுகளில் இது புதுச் செய்தியும் இல்லை. தாத்தாவுக்கு இருந்தது, அப்பாவுக்கு இருக்கிறது, எனக்கும் வரும் என்று ஏற்றுக்கொண்டு உட்கார்ந்திருக்கிறோம். அதை அசைக்கத்தான் இயக்கம்.

இன்னொன்றையும் இப்போதே சொல்லிவிடுகிறேன். வந்த கூட்டத்தை எண்ணி மகிழ்ந்துவிடாதீர்கள். இரத்த அழுத்தம் பார்த்து, சிற்றுண்டி சாப்பிட்டு, பையை வாங்கிக்கொண்டு போனவர் மறுவாரம் மருத்துவரைப் பார்க்கவில்லை என்றால் நிகழ்ச்சியால் அவருக்கு ஒன்றும் ஆகவில்லை. எத்தனை குடும்பங்கள் மருந்தகத்தில் நாள் குறித்தன என்பதுதான் கணக்கு. கீழே உள்ள ஒவ்வொரு படியும் அந்தக் கணக்கை மனத்தில் வைத்து எழுதியது.

1. ஒரே ஒரு செயலைத் தேர்ந்தெடுங்கள்

"ஆரோக்கியமாக வாழுங்கள்" என்று சொன்னால் யாரும் மறுக்க மாட்டார்கள். யாரும் எதுவும் செய்யவும் மாட்டார்கள். வீட்டுக்குப் போனதும் என்ன செய்ய வேண்டும் என்பது ஒரே வரியில் இருக்க வேண்டும். நம் குடும்பங்களுக்குப் பொருத்தமாக நான் பார்ப்பவை மூன்று.

முதலாவது, 40 வயதைக் கடந்தவர்களை ஹெல்தியர் எஸ்ஜி திட்டத்தில் சேர்ப்பது. 2023 ஜூலையில் தொடங்கிய இத்திட்டத்தில் குடிமக்களும் நிரந்தரவாசிகளும் தங்களுக்கென ஒரு மருந்தகத்தைத் தேர்ந்துகொண்டு, தொடர்ந்து ஒரே மருத்துவரைப் பார்க்கிறார்கள். முதல் சுகாதாரத் திட்டச் சந்திப்பு இலவசம். அதை முடித்தவர்களுக்கு ஹெல்தி 365 செயலி வழியாக 20 வெள்ளி மதிப்புள்ள 3,000 சுகாதாரப் புள்ளிகள் கிடைக்கும்.

இரண்டாவது, பெண்களுக்கான புற்றுநோய்ப் பரிசோதனை. கருப்பை வாய்ப் புற்றுநோய்க்கு 25 முதல் 29 வயது வரை மூன்றாண்டுக்கு ஒருமுறை பாப் சோதனை. 30 முதல் 69 வரை ஐந்தாண்டுக்கு ஒருமுறை எச்பிவி சோதனை (அந்தப் புற்றுநோயை உண்டாக்கும் கிருமி இருக்கிறதா என்று பார்ப்பது). மார்பகத்துக்கு 50 வயதிலிருந்து ஈராண்டுக்கு ஒருமுறை மேமோகிராம் எனும் ஊடுகதிர்ப் படம். நம் பெண்கள் வீட்டில் எல்லாரையும் மருந்தகத்துக்கு அனுப்பிவைத்துவிட்டுத் தங்கள் முறையைத் தள்ளிப்போடுகிறவர்கள். கூச்சமும் பெரிய தடை. இதைத் தேர்ந்தெடுத்தால் பெண் மருத்துவர் அல்லது தாதி பேசுவதற்கு ஏற்பாடு செய்யுங்கள். ஆண்கள் இல்லாத தனி அறையில் அரை மணி நேரம் கேள்வி கேட்க விடுங்கள். கேள்விகளைச் சீட்டில் எழுதிப் போடச் சொன்னால், எழுந்து நின்று கேட்க முடியாதவர்களும் கேட்பார்கள்.

மூன்றாவது, பானங்களில் உள்ள சீனி. கடையில் "தே ஓ கொசோங்" (பாலும் சீனியும் இல்லாத தேநீர்) என்று கேட்பதோ "சியூ டாய்" (சீனி குறைவாக) என்று கேட்பதோ அன்றே தொடங்கக்கூடிய மாற்றம். குழந்தைகளும் பங்கெடுக்கலாம்.

மூன்றையும் ஒரே நாளில் செய்துவிடும் ஆசை வரும். குழுவில் ஒருவர் யோகாவையும் சேர்க்கச் சொல்வார், இன்னொருவர் கண் பரிசோதனை என்பார். மறுத்துவிடுங்கள். அடுத்த ஆண்டும் இருக்கிறது.

2. யாருடைய பெயரில் நடத்துகிறீர்கள்?

தனிமனிதராக இடம் கேட்டால் கதவுகள் மெதுவாகத்தான் திறக்கும். மக்கள் கழகத்தின் கீழுள்ள சமூக மன்றத்து இந்திய நற்பணிச் செயற்குழு, வசிப்போர் கட்டமைப்பு, பதிவுபெற்ற சங்கம், கோயில், பள்ளிவாசல், தேவாலயம் ஆகியவற்றில் ஒன்றின் பெயர் உங்களுக்கு வேண்டும். அவர்களுக்கு ஒரு பக்கத் திட்டக் குறிப்பு கொடுங்கள். நோக்கம் ஒரே வரியில், யாருக்காக, எதிர்பார்க்கும் குடும்பங்கள், தேதியும் மாற்றுத் தேதியும், இடம், உத்தேசச் செலவு, பொறுப்பாளர் இருவர். இவ்வளவு போதும். பத்துப் பக்கம் எழுதினால் யாரும் படிக்க மாட்டார்கள்.

அமைப்பிடமிருந்து ஆதரவுக் கடிதம் ஒன்றை அப்போதே வாங்கிவையுங்கள். இடம் பதிவு செய்யும்போதும், மருந்தகத்தை அணுகும்போதும், நிதி கேட்கும்போதும் அதே கடிதத்தைக் கேட்பார்கள். கடிதத்தில் அமைப்பின் பதிவு எண், பொறுப்பாளர் பெயர், நிகழ்ச்சித் தேதி மூன்றும் இருக்கட்டும். தேதி இல்லாத கடிதத்தைத் திருப்பி அனுப்பிவிட்டதால் எங்களுக்கு ஒரு வாரம் வீணாயிற்று.

3. நாள் குறித்தல்

குறைந்தது மூன்று மாத அவகாசம் வேண்டும். முதல் மாதம் அமைப்பு, மருந்தகம், இடம். இரண்டாம் மாதம் நிதி, பேச்சாளர், பதாகை. மூன்றாம் மாதம் விளம்பரமும் பதிவும்.

தவிர்க்க வேண்டிய காலங்கள்: ஜூன் பள்ளி விடுமுறை, நவம்பர் நடுப்பகுதியிலிருந்து ஆண்டிறுதி வரை. பாதிக் குடும்பங்கள் ஊருக்குப் போயிருப்பார்கள். தீபாவளிக்கு முந்தைய வாரங்களில் எல்லாரும் தேக்காவில் இருப்பார்கள். ஏப்ரலில் தமிழ்மொழி விழா நிகழ்ச்சிகள் நிறைந்திருப்பதால் அரங்கமும் கிடைக்காது, ஆட்களும் கிடைக்க மாட்டார்கள். வெறும் வயிற்றில் இரத்தம் எடுக்கும் திட்டம் இருந்தால் ரமலான் மாதத்தை விட்டுவிடுங்கள். பள்ளிவாசலுடன் சேர்ந்து நடத்தினால் அவர்கள் சொல்லும் தேதிக்கே ஒத்துப்போங்கள். என் அனுபவத்தில் பிப்ரவரி கடைசி முதல் மார்ச் வரை நல்ல காலம், ஜூலை முதல் செப்டம்பர் முற்பகுதி வரையும் அப்படியே. ரமலான் எந்த மாதத்தில் விழுகிறது என்று மட்டும் அந்தந்த ஆண்டு பார்த்துக்கொள்ளுங்கள்.

நேரம்: ஞாயிறு காலை 8.30 முதல் 12 மணி வரை. மாலையில் வைத்தால் துணைப்பாட வகுப்பு, கோயில், தொலைக்காட்சி மூன்றும் உங்களோடு போட்டியிடும்.

4. இடமும் அனுமதிகளும்

மூன்று வழிகள் உண்டு. சமூக மன்ற அறையை மக்கள் கழகத்தின் ஒன்பிஏ இணையத்தளத்தில் பதிவு செய்யலாம். குளிரூட்டி, நாற்காலி, ஒலிபெருக்கி எல்லாம் அங்கேயே இருக்கும். கோயில் அல்லது சங்க மண்டபம் கிடைத்தால் வாடகை மிச்சம். புளோக்கின் கீழ்த்தளம் என்றால் நகர மன்றத்திடம் விண்ணப்பிக்க வேண்டும். இடவரைபடம், மேசைகள் எங்கே வரும், மின்சாரம் தேவையா, எத்தனை மணி வரை என்ற விவரங்களுடன் வைப்புத்தொகையும் கேட்பார்கள். கட்டணம் நகர மன்றத்துக்கு நகர மன்றம் மாறும்.

கீழ்த்தளத்தின் பலம், நடந்துபோகிறவர்களும் நின்று பார்ப்பார்கள் என்பது. பலவீனம், அதே புளோக்கில் துக்கம் நேர்ந்தால் இடத்தை விட்டுக்கொடுக்க வேண்டிவரலாம் என்பது. விட்டுக்கொடுக்கத்தான் வேண்டும். அதனால் பக்கத்து புளோக்கை மாற்றிடமாக விண்ணப்பத்திலேயே எழுதிவிடுங்கள்.

அனுமதி விஷயத்தில் பலரும் சறுக்கும் இடங்கள் இவை:

சுவரொட்டியை மின்தூக்கி வாசலிலோ பேருந்து நிறுத்தத்திலோ உங்கள் விருப்பத்துக்கு ஒட்டக்கூடாது. எழுத்துப்பூர்வ அனுமதியின்றிப் பொதுச் சொத்தில் ஒட்டுவது பொதுச்சொத்து நாசச் சட்டத்தின் கீழ் குற்றம். அறிவிப்புப் பலகையைப் பயன்படுத்த நகர மன்றத்திடமோ வசிப்போர் கட்டமைப்பிடமோ கேளுங்கள்.

வீடு வீடாகவோ தெருவிலோ உண்டியல் ஏந்தக்கூடாது. அதற்குத் தனி உரிமம் வேண்டும். நிகழ்ச்சியில் நன்கொடைப் பெட்டியே வைக்காமல் இருப்பது நிம்மதி.

தமிழகத்திலிருந்து பெயர்பெற்ற மருத்துவர் வருகிறார், அவரையே பேச வைக்கலாம் என்று யாராவது சொல்வார்கள். வெளிநாட்டுப் பேச்சாளர் என்றால் போலிசிடமும் மனிதவள அமைச்சிடமும் அனுமதி தேவையா என்று முன்கூட்டியே கேட்டுத் தெளிவுபடுத்திக்கொள்ளுங்கள். இங்கு பதிவு பெறாத மருத்துவர் தனிநபர்களுக்கு மருத்துவ ஆலோசனை வழங்க முடியாது. உள்ளூரிலேயே தமிழ் பேசும் குடும்ப மருத்துவர்கள் இருக்கிறார்கள். அவர்களில் ஒருவரை அழைத்தால், வந்தவர்கள் மறுவாரம் அவரிடமே போகவும் முடியும்.

திரைப்பாடல் ஒலிபரப்பினால் இசை உரிமம் வேண்டும். உணவு விற்றால் அதற்கும் அனுமதி வேண்டும். இரண்டும் இல்லாமலே நிகழ்ச்சி நடக்கும்.

5. மருந்தகத்தை இணைத்தல், யாருக்கு எவ்வளவு செலவு

விரல் நுனியில் ஊசி குத்தி இரத்தச் சர்க்கரை பார்ப்பதைத் தொண்டூழியர்களே செய்யலாம் என்று எண்ண வேண்டாம். இரத்தம் எடுக்கும் வேலையை உரிமம் பெற்ற மருத்துவ நிறுவனத்திடம்தான் ஒப்படைக்க வேண்டும். தொண்டூழியர்கள் உயரம், எடை, இடுப்புச் சுற்றளவு பார்க்கலாம். தானியங்கிக் கருவியில் இரத்த அழுத்தம் பார்ப்பதைக்கூட ஒரு தாதியின் மேற்பார்வையில் வைத்துக்கொள்வது நல்லது.

என் பரிந்துரை, நிகழ்ச்சியில் இரத்தமே எடுக்காதீர்கள். பக்கத்தில் உள்ள ஹெல்தியர் எஸ்ஜி மருந்தகங்கள் இரண்டை அணுகி, நிகழ்ச்சிக்குப் பிந்தைய இரு வாரங்களில் உங்கள் பதிவாளர்களுக்கென நேரம் ஒதுக்கித் தரச் சொல்லுங்கள். சோதனையை மருந்தகத்தில் முறைப்படி செய்துகொண்டால் முடிவு மருத்துவரின் பதிவில் நிற்கும். மேசையில் எழுதிக் கொடுத்த துண்டுச்சீட்டு சட்டைப்பையில் சலவைக்குப் போய்விடும்.

செலவைப் பற்றித் தவறான உறுதி கொடுத்துவிட்டால் நம்பிக்கை போய்விடும். தொண்டூழியர் அனைவரும் இதைத் தெரிந்து வைத்திருக்கட்டும்:

ஹெல்தியர் எஸ்ஜி-யில் சேர்ந்த குடிமக்களுக்கு, அவர்கள் தேர்ந்த மருந்தகத்தில், தேசிய அளவில் பரிந்துரைக்கப்பட்ட பரிசோதனைகளும் தடுப்பூசிகளும் முழு மானியத்தில் கிடைக்கும்.

சேராத குடிமக்களுக்கு 'ஸ்கிரீன் ஃபார் லைஃப்' திட்டம் உண்டு. அழைக்கப்படும் பரிசோதனைகளுக்கு, மருந்தகக் கட்டணத்தில் மானியம் தரும் சாஸ் அட்டையின் நிறத்தைப் பொறுத்து 2 வெள்ளி அல்லது 5 வெள்ளி. முன்னோடித் தலைமுறையினருக்குக் கட்டணமில்லை.

மேமோகிராமுக்குக் கட்டணம் தனி. மானியம் உண்டு. 50 வயதுக்கு மேற்பட்டவர்கள் மெடிசேவ் எனும் மருத்துவச் சேமிப்பைப் பயன்படுத்தலாம்.

நிரந்தரவாசிகள் ஹெல்தியர் எஸ்ஜி-யில் சேரலாம், ஆனால் சலுகைகள் குடிமக்களுக்குச் சமமாக இருக்கும் என்று சொல்லாதீர்கள். மருந்தகத்தில் விலை கேட்டுக்கொள்ளச் சொல்லுங்கள்.

நீண்டகால வருகை அனுமதியில் இருக்கும் பெற்றோர், மனைவிமார், வேலை அனுமதியில் இருப்பவர்கள் ஆகியோருக்கு இந்த மானியங்கள் கிடையாது. நம் குடும்பங்கள் பலவற்றில் ஒரே கூரையின் கீழ் குடிமகன், நிரந்தரவாசி, வருகை அனுமதி மூன்றும் இருக்கும். பேரனைப் பார்க்க வந்து தங்கியிருக்கும் பாட்டியிடம் "எல்லாம் இலவசம்" என்று சொல்லிவிட்டு, கட்டணத்தைப் பார்த்து அவர் திகைத்து நிற்பது பெரிய கொடுமை. அவருக்கு முழு விலை எவ்வளவு என்பதை மருந்தகத்திடம் முன்பே கேட்டு எழுதி வையுங்கள்.

6. பதாகையும் செய்தியும்

இந்தப் படிக்கு அதிக நேரம் கொடுங்கள். படம்தான் முதலில் பேசும். இணையப் படக் களஞ்சியத்திலிருந்து எடுத்த, கீரைக் கலவையைப் பார்த்துச் சிரிக்கும் குடும்பம் நம் ஆட்களை எட்டாது.

சுகாதார மேம்பாட்டு வாரியத்தின் 'மை ஹெல்தி பிளேட்' முறை எளிது. தட்டில் பாதி காய்கறியும் பழமும், கால் பங்கு முழுதானியம், கால் பங்கு புரதம். அதை நம் தட்டில் காட்டுங்கள். எங்கள் பதாகைக்கு ஒரு தொண்டூழியர் தம் வீட்டு எவர்சில்வர் தட்டையே படம் எடுத்துத் தந்தார். ஒரு பாதியில் முருங்கைக்கீரைப் பொரியலும் வெள்ளரியும் இரண்டு துண்டு கொய்யாவும். மீதியில் ஒரு கரண்டி சிவப்பரிசிச் சோறு, ஒரு துண்டு வஞ்சிரம். பார்த்தவர்கள் முதலில் கேட்ட கேள்வி, "சோறு இவ்வளவுதானா?" அந்தக் கேள்வி வந்துவிட்டால் உரையாடல் தொடங்கிவிட்டது. பக்கத்திலேயே சைவத் தட்டு ஒன்றும் இருக்கட்டும், மீனுக்குப் பதில் பருப்பும் தவ்ஹுவும்.

பானங்களுக்கு, சீனியையும் கொழுப்பையும் பொறுத்து 'ஏ' முதல் 'டி' வரை தரம் காட்டும் நியூட்ரி-கிரேட் எழுத்துகள் கைகொடுக்கும். 2022 டிசம்பர் 30 முதல் பொட்டலப் பானங்களுக்கும், ஓராண்டு கழித்து கடையில் தயாரிக்கும் பானங்களுக்கும் இது நடப்பில் இருக்கிறது. 'டி' தரம் பெற்ற இனிப்புப் பானம் பெரும்பாலும் 100 மில்லிலிட்டரில் 10 கிராமுக்கு மேல் சீனி கொண்டது. 330 மில்லி டின் என்றால் 33 கிராமுக்கு மேல், அதாவது ஆறு தேக்கரண்டிக்கும் கூடுதல். எழுதி வைப்பதைவிட மேசையில் காலிக் கண்ணாடிக் குவளை வைத்து, ஒரு சிறுவனைக் கூப்பிட்டு ஒவ்வொரு கரண்டியாகப் போடச் சொல்லுங்கள். நான்காவது கரண்டியில் அம்மாக்களின் முகம் மாறும்.

எண்கள் கொடுப்பதானால் மூன்று போதும். உடல் எடைக் குறியீடு 23-ஐத் தாண்டினால் கவனம் தேவை, 27.5-ஐத் தாண்டினால் ஆபத்து அதிகம். இடுப்பு ஆண்களுக்கு 90 சென்டிமீட்டர், பெண்களுக்கு 80 சென்டிமீட்டருக்குள் இருக்க வேண்டும். இரத்த அழுத்தம் 140/90-ஐத் தொட்டால் மருத்துவரைப் பார்க்க வேண்டும். இணையத்தில் மேலைநாட்டு அளவுகளான 25, 30 புழங்குகின்றன. ஆசியர்களுக்கு இங்கு பயன்படுத்துவது 23-உம் 27.5-உம்தான்.

யாரிடம் பேசுகிறோம் என்பதையும் தீர்மானியுங்கள். நோயாளியிடம் மட்டும் பேசினால் போதாது. சமைப்பவர், மருந்தகத்துக்கு அழைத்துப் போகிறவர், திறன்பேசியில் செயலியைத் திறந்து தருகிறவர் மூவரும் வர வேண்டும். பல வீடுகளில் சமைப்பது பணிப்பெண். அழைப்பிதழில் "உங்கள் வீட்டில் சமைப்பவரையும் அழைத்து வாருங்கள்" என்று ஒரு வரி சேர்த்தோம். இந்தோனீசியாவிலிருந்தும் மியன்மாரிலிருந்தும் வந்த பணிப்பெண்கள் சிலர் முன்வரிசையில் உட்கார்ந்து, சாம்பாரில் உப்பைக் குறைக்கும்போது புளியை எவ்வளவு கூட்டலாம் என்று கேட்டார்கள். அன்றைய மிகப் பயனுள்ள கேள்வி அதுதான் என்பேன்.

பயமுறுத்தாதீர்கள். வெட்டிய கால், டயாலிசிஸ் ஊசி என்று பதாகை போட்டால், ஏற்கெனவே அஞ்சிக்கொண்டிருப்பவர் அந்தப் பக்கமே வர மாட்டார்.

அச்சுக்கு அனுப்புமுன் 70 வயதுக்காரர் ஒருவரிடமும், இங்கு படித்த பதின்ம வயதுப் பிள்ளை ஒருவரிடமும் கொடுத்து, "இதைப் பார்த்தால் என்ன செய்வீர்கள்?" என்று கேளுங்கள். இருவரும் ஒரே பதிலைச் சொன்னால் அச்சுக்கு அனுப்பலாம்.

7. செய்தியைப் பரப்புதல்

தமிழ் முரசுக்கும் ஒலி 96.8-க்கும் நிகழ்ச்சிக்கு மூன்று, நான்கு வாரம் முன்பே குறிப்பு அனுப்புங்கள். நாள், இடம், நேரம், யாருக்கு, கட்டணம் உண்டா, பதிவு எப்படி. ஒரு பத்தி போதும். ஆனால் ஆட்களைக் கொண்டுவருவது பெரும்பாலும் நேரில் சொல்வதுதான். மளிகைக்கடை, முடிதிருத்தகம், பூக்கடை, கோயில் அன்னதான வரிசை, தமிழ் துணைப்பாட வகுப்பின் வாசல் ஆகிய இடங்களில் நின்று பேசுங்கள். வட்டாரத்தில் துடிப்பாக மூப்படையும் நிலையம் இருந்தால் அங்குள்ள ஊழியர்களிடம் முதலிலேயே போய்ச் சொல்லுங்கள். தனியாக வாழும் முதியவர்களை அவர்களுக்குத் தெரியும்.

வாட்ஸ்அப் செய்தியில் இணைப்பு அனுப்பினால் மோசடியோ என்று பயப்படுகிறார்கள். பயப்படுவதும் சரிதான். எனவே உங்கள் செய்தியில் சிங்பாஸ் (அரசாங்கச் சேவைகளுக்கான மின்னிலக்க அடையாளக் கணக்கு) விவரமோ வங்கி விவரமோ கேட்காதீர்கள். கேட்க மாட்டோம் என்று எழுதியும் வையுங்கள். அரசாங்கக் குறுஞ்செய்திகள் 2024 ஜூலை முதல் 'கவ்.எஸ்ஜி' என்ற பெயரில் வருகின்றன. ஐயம் இருந்தால் 1799 என்ற எண்ணில் கேட்கலாம். இந்த இரண்டு தகவலையும் துண்டறிக்கையின் அடியில் போடுங்கள்.

8. பணம்

செலவுத் தலைப்புகள்: இட வாடகையும் வைப்புத்தொகையும், நாற்காலி மேசை, பதாகை அச்சு, தாதி அல்லது மருந்தகக் குழுவின் கட்டணம், சிற்றுண்டி, இடத்தார் கேட்டால் பொதுப் பொறுப்புக் காப்பீடு. இதில் மிச்சப்படுத்தக்கூடியது அன்பளிப்புப் பை. மிச்சப்படுத்தக் கூடாதது தாதி.

மானிய நிதிக்கு விண்ணப்பித்தால் இரண்டு விஷயம். ஒப்புதல் வருமுன் செய்த செலவை ஏற்காமல் போகலாம். மேலும் பணம் பெரும்பாலும் ரசீது கொடுத்த பிறகுதான் வரும். யார் முன்பணம் போடுவது என்று குழுவில் பேசி எழுதிவைத்துவிடுங்கள். எல்லா ரசீதும் அமைப்பின் பெயரில் இருக்க வேண்டும். தொண்டூழியரின் பெயரில் இருந்தால் பிறகு விளக்கக் கடிதம் எழுத வேண்டியிருக்கும்.

ஆதரவாளர்களைத் தேர்வதில் கண்டிப்பாக இருங்கள். "சர்க்கரையை அடியோடு விரட்டும்" பொடி விற்கும் வணிகர் ஒருவர் எங்களிடம் நாற்காலிச் செலவு முழுவதையும் ஏற்பதாகச் சொன்னார். பதிலுக்கு ஒரு மேசை கேட்டார். நீரிழிவு, உயர் இரத்த அழுத்தம், புற்றுநோய் போன்றவற்றைக் குணப்படுத்துவதாகப் பொதுமக்களிடம் மருந்தை விளம்பரப்படுத்தச் சட்டமே அனுமதிப்பதில்லை. சட்டம் ஒருபுறம் இருக்க, அதை நம்பி ஒருவர் மெட்ஃபார்மின் எனும் நீரிழிவு மருந்தை நிறுத்திவிட்டால் அந்தப் பாவம் நம்மைச் சேரும். பான நிறுவனம் இலவசமாகப் பானம் தர முன்வந்தாலும் எழுத்தைப் பாருங்கள். 'டி' தரப் பானத்துக்கு விளம்பரத் தடை இருக்கிறது. தண்ணீர் போதும்.

9. நிகழ்ச்சி நாள்

மேசைகள் நான்கு: பதிவு, அளவு, பேச்சு, நாள் குறித்தல். நாள் குறிக்கும் மேசையை வெளியேறும் வழியில் போடுங்கள், சிற்றுண்டி அதற்குப் பின்னால் இருக்கட்டும்.

பதிவு மேசையில் அடையாள அட்டை எண்ணைக் கேட்கக்கூடாது. சட்டப்படித் தேவையில்லாத இடங்களில் அமைப்புகள் அதைத் திரட்டுவதற்கு 2019 செப்டம்பர் முதல் தடை உண்டு. பெயர், தொலைபேசி எண், வயதுப் பிரிவு போதும். மறுபடி அழைக்கச் சம்மதமா என்பதற்கு ஒரு கட்டம். பதிவுத்தாளை எல்லாரும் பார்க்கும்படி மேசையில் விரித்து வைக்காதீர்கள், ஆளுக்கொரு சீட்டு கொடுங்கள்.

அளவு மேசைக்குத் திரை கட்டுங்கள். எடையை உரக்கச் சொல்லக் கூடாது. வரிசையில் பக்கத்து வீட்டுக்காரர் நிற்கிறார், சம்பந்தி நிற்கிறார். எண்ணை எழுதிச் சீட்டை மடித்துக் கொடுத்தால் போதும்.

யாருக்காவது இரத்த அழுத்தம் 180/120-ஐத் தாண்டினால் என்ன செய்வது என்று முன்பே தாதியுடன் பேசி வையுங்கள். ஐந்து நிமிடம் உட்கார வைத்து மறுபடி பார்ப்பது, நெஞ்சுவலியோ மூச்சுத்திணறலோ பேச்சுக் குளறலோ இருந்தால் உடனே 995. அருகிலுள்ள இதய மின்னதிர்வுக் கருவி எந்தப் புளோக்கில் இருக்கிறது என்று ஒருவர் போய்ப் பார்த்து வரட்டும்.

ஹெல்தியர் எஸ்ஜி சேர்க்கை ஹெல்த்ஹப் செயலியில் சிங்பாஸ் வழியாக நடக்கும். முதியவர்கள் கடவுச்சொல்லை மறந்திருப்பார்கள், அல்லது திறன்பேசி மகனிடம் இருக்கும். "பரவாயில்லை, கடவுச்சொல்லைச் சொல்லுங்கள், நானே போடுகிறேன்" என்று எந்தத் தொண்டூழியரும் சொல்லக்கூடாது. எவ்வளவு நல்லெண்ணம் இருந்தாலும் கூடாது. அவரே தட்டட்டும், நாம் பக்கத்தில் நின்று வழிகாட்டுவோம். முடியாவிட்டால் மருந்தக முகப்பிலோ துடிப்பாக மூப்படையும் நிலையத்திலோ உதவி கேட்கும்படி தேதியோடு எழுதிக் கொடுங்கள். மேலும், வீட்டுக்கு அருகிலுள்ள மருந்தகத்தில் இடம் நிரம்பியிருக்கலாம். இரண்டாவது விருப்பம் ஒன்றையும் யோசித்து வரச் சொல்லுங்கள். ஏற்கெனவே ஒரு மருத்துவரிடம் பல ஆண்டுகளாகப் போகிறவர் அவரையே தேர்வது உத்தமம்.

நாள் குறித்தவருக்குக் கையில் ஓர் அட்டை: மருந்தகத்தின் பெயர், நாள், நேரம், கொண்டு போக வேண்டியவை. அடையாள அட்டை, சாஸ் அட்டை அல்லது முன்னோடித் தலைமுறை போன்ற தலைமுறை அட்டை, இப்போது உட்கொள்ளும் மருந்துகளின் பட்டியல் அல்லது மருந்துகளே ஒரு பையில். வெறும் வயிற்றில் வரச் சொன்னால் 8 முதல் 10 மணி நேரம், தண்ணீர் குடிக்கலாம். நீரிழிவு மருந்து உட்கொள்பவர்கள் அன்று காலை மருந்தை என்ன செய்வது என்று மருந்தகத்தை முன்கூட்டியே கேட்க வேண்டும். நாமாக ஒன்றும் சொல்லிவிடக் கூடாது.

10. அதற்குப் பிறகு

சம்மதித்தவர்களைச் சந்திப்புக்கு இரண்டு நாள் முன்பு அழையுங்கள். குறுஞ்செய்தியைவிடக் குரல் பயன்படுகிறது. "அத்தை, வியாழக்கிழமை காலை ஒன்பதரைக்கு, சாப்பிடாமல் போங்கள்" என்று சொன்னால் அவர்கள் போவார்கள். பிறகு ஒரு வாரம் கழித்து இன்னோர் அழைப்பு, போய்வந்தீர்களா என்று மட்டும். முடிவு என்ன என்று கேட்கக் கூடாது. அவர்களாகச் சொன்னால் கேட்டுக்கொள்ளுங்கள், எங்கும் எழுதாதீர்கள்.

போகாதவர்களிடம் காரணம் கேளுங்கள். வேலையில் விடுப்பு இல்லை, துணைக்கு ஆள் இல்லை, கட்டணம் பற்றிய பயம், "எதாவது இருந்துவிட்டால்?" என்ற அச்சம். முதல் மூன்றுக்கும் வழி உண்டு. மாலைநேர மருந்தகம், கூடப்போகும் தொண்டூழியர், விலையை முன்பே கேட்டுச் சொல்வது. நான்காவதுக்கு, ஏற்கெனவே மருந்து எடுத்துக்கொண்டு நன்றாக இருக்கும் ஒருவரைப் பேச வையுங்கள். நாம் பேசுவதைவிட அது எடுபடும்.

ரசீதுகளும் கணக்கும் நிகழ்ச்சி முடிந்து இரண்டு வாரத்துக்குள் அமைப்பிடம் போய்ச் சேரட்டும். அறிக்கையில் மூன்று எண்கள் எழுதுங்கள். வந்த குடும்பங்கள், நாள் குறித்த குடும்பங்கள், உண்மையில் மருந்தகத்துக்குப் போன குடும்பங்கள். மூன்றாவது எண் சிறியதாக இருந்தாலும் அப்படியே எழுதுங்கள். அடுத்த ஆண்டுக் குழு அதிலிருந்துதான் தொடங்கும். தொடர்பு விவரங்கள் அடங்கிய தாள்களைப் பின்தொடர்பு முடிந்ததும் துண்டு துண்டாக்கி அழித்துவிடுங்கள். கைப்பேசியில் எடுத்த படங்களில் குழந்தைகளின் முகம் இருந்தால் பெற்றோரின் சம்மதம் இல்லாமல் எங்கும் பகிராதீர்கள். நகர மன்றத்தின் வைப்புத்தொகையைத் திரும்பப் பெற, இடத்தைச் சுத்தம் செய்த பிறகு எடுத்த படங்களையும் விண்ணப்பத்தோடு சேர்த்து அனுப்புங்கள்.